எஃகின் தீர்ப்பை உலோகக் கண்ணாடி மேல் சுமத்தலாமா?

1983-ஆம் ஆண்டு கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ். எல். யே, கொன்ராட் சாம்வெர், வில்லியம் எல். ஜான்சன் ஆகிய மூவரும் சிர்கோனியமும் ரோடியமும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்த ஓர் உலோகச் சேர்மத்தை எடுத்துக்கொண்டார்கள். அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்ட படிகம் அது. அதை அவர்கள் உருக்கவில்லை, அரைக்கவும் இல்லை. உருகுநிலைக்கு வெகு கீழே, ஹைட்ரஜன் வாயுவில் வைத்தார்கள். வாயு உள்ளே புகப் புகப் படிக வரிசை கலைந்தது. கடைசியில் கிடைத்தது அணுக்கள் ஒழுங்கின்றி நெருங்கி நிற்கும் ஓர் உலோகக் கண்ணாடி. ஹைட்ரஜனே அதைப் பெற்றெடுத்தது.

இந்தச் சோதனை நடந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் பொருளறிவியல் வகுப்பறைகளிலும் அறிமுக நூல்களிலும் ஒரு வாக்கியம் அசையாமல் நிற்கிறது: ஹைட்ரஜன் உலோகத்துக்கு நஞ்சு, உலோகக் கண்ணாடியும் அதற்கு விலக்கல்ல, ஹைட்ரஜன் பட்டால் நொறுங்கிவிடும். இதைச் சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் கையில் சோதனைத் தரவுகளும் இருக்கின்றன. ஆனால் அந்தத் தரவுகள் இவ்வளவு பெரிய தீர்ப்பைத் தாங்காது. எந்தக் கலவை, எவ்வளவு ஹைட்ரஜன், எந்த வழியாக, எந்தக் கட்டத்தில் உள்ளே போனது என்ற நான்கையும் விட்டுவிட்டு ஹைட்ரஜனின் விளைவைப் பற்றிப் பேசுவதே தவறு.

நஞ்சு என்ற எண்ணம் எஃகிலிருந்து வந்தது. எஃகைப் பொறுத்தவரை அது நியாயமானதுதான். 1875-இல் வில்லியம் எச். ஜான்சன் (மேலே வந்த ஜான்சனுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர், வேறு ஆள்) லண்டன் ராயல் சொசைட்டியின் முன் தம் கண்டுபிடிப்பை வைத்தார். அமிலத்தில் சில நிமிடங்கள் நனைந்த இரும்புக் கம்பி, வளைத்தால் ஒடிகிறது. ஒடிந்த முகத்தை ஈரப்படுத்தினால் அதிலிருந்து குமிழிகள் கிளம்புகின்றன. சில நாள் விட்டுவைத்தால் கம்பி பழைய உறுதிக்குத் திரும்புகிறது. 2013 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ–ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், துத்தநாகம் பூசிய உயர்வலு எஃகுத் தண்டுகளை முறுக்கி இறுக்கிய சில நாட்களிலேயே 96 தண்டுகளில் 32 ஒடிந்தன. அங்கேயும் காரணம் ஹைட்ரஜன்தான். வலு மிகுந்த எஃகை ஒடிப்பதற்கு எடையில் 10 லட்சத்தில் ஒரு சில பங்கு ஹைட்ரஜன் போதும்.

ஆனால் எஃகுக்குள் இது எப்படி நடக்கிறது? படிகத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் ஹைட்ரஜன் போய்த் தங்கி அணுப்பிணைப்பைத் தளர்த்துகிறது. அல்லது படிகத்துக்குள் இருக்கும் இடப்பிறழ்வுக் கோடுகளோடு ஒட்டிக்கொண்டு, அவற்றின் ஓட்டத்தை ஓரிடத்தில் குவித்து, அங்கே விரிசலைத் திறக்கிறது. எந்த வழி முதன்மையானது என்று எஃகு ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இரண்டில் எது வென்றாலும் ஒன்று மாறாது. உலோகக் கண்ணாடியில் படிகத் துகள் இல்லை, எல்லையும் இல்லை. இடப்பிறழ்வுக் கோடு என்று ஒன்று அமைவதற்கே அங்கே வரிசை கிடையாது. எஃகில் குற்றம் நடந்த இடமே கண்ணாடியில் இல்லாதபோது, அதே குற்றத்தை அதே பெயரில் அதன் மேல் சுமத்துவது எப்படி?

இதை வைத்துக்கொண்டு, எல்லை இல்லாததால் கண்ணாடிக்கு ஆபத்தே இல்லை என்று எதிர்த்திசையில் ஓடுபவர்களும் உண்டு. அதுவும் பிழைதான். எல்லைகள் இல்லாமலேயே ஒடிந்த நாடாக்களை 1970-களிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். 1976-இல் நகுமோவும் தகஹாஷியும் இரும்பு அடிப்படையிலான கண்ணாடி நாடாக்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அவற்றில் ஒன்று. ஆபத்து உண்டு. அது எங்கிருந்து, எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி.

சிர்கோனியம் இந்தக் கேள்விக்கு நல்ல சாட்சி. பெரிய கட்டியாக வார்க்கக்கூடிய உலோகக் கண்ணாடிகளில் பல சிர்கோனியத்தை அடிப்படையாகக் கொண்டவை. படிகச் சிர்கோனியத்தில் ஹைட்ரஜன் எவ்வளவு கொடியது என்று அணு உலைத் துறைக்கு நன்றாகத் தெரியும். 1983 ஆகஸ்ட் 1 அன்று கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில், ஜி-16 என்ற தடத்தின் சிர்கலாய்-2 அழுத்தக் குழாய் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. சூடான அந்தக் குழாய் வெளியே இருந்த குளிர்ந்த குழாயைத் தொட்ட இடங்களில் ஹைட்ரஜன் குவிந்து, சிர்கோனியம் ஹைட்ரைடு கொப்புளங்களாகத் திரண்டிருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு இவ்வகை உலைகள் சிர்கலாய்-2-ஐக் கைவிட்டு, சிர்கோனியம்–நையோபியம் கலவைக்கு மாறின. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளிலும் குழாய்கள் அப்படித்தான் மாற்றப்பட்டன.

பிக்கரிங்கில் குழாயைப் பிளந்தது கரைந்திருந்த ஹைட்ரஜன் அல்ல, கரைய முடியாமல் வெளியே தள்ளப்பட்டு ஹைட்ரைடாக இறுகிய ஹைட்ரஜன். படிகச் சிர்கோனியத்தில் அறைவெப்பத்தில் கரையும் அளவு எடையில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் ஹைட்ரைடு என்ற எளிதில் உடையும் தகடுகளாகப் பிரிந்து நிற்கும், விரிசல் அந்தத் தகடுகளைப் படிக்கட்டாக்கி ஏறும். சிர்கோனியக் கண்ணாடி இதற்கு நேர்மாறானது. உலோக அணு ஒன்றுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்ற அளவை நெருங்கும் வரைகூட, தனி ஹைட்ரைடு பிரியாமல் விழுங்கக்கூடிய கலவைகள் அதில் உண்டு. காரணத்தை ஜே. எச். ஹாரிஸ், டபிள்யூ. ஏ. கர்ட்டின், எம். ஏ. டென்ஹோவர் ஆகியோர் 1987-இல் தெளிவாக விளக்கினார்கள். சிர்கோனியம்–நிக்கல் கண்ணாடிக்குள் நான்கு அணுக்கள் சூழ்ந்த சிறு இடைவெளிகள் எண்ணற்றவை இருக்கின்றன. நான்குமே சிர்கோனியமாக உள்ள இடைவெளியை ஹைட்ரஜன் முதலில் பிடிக்கும். அவை நிரம்பியபின் மூன்று சிர்கோனியமும் ஒரு நிக்கலும் உள்ளவை, பிறகு இரண்டுக்கு இரண்டு. அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் முந்தியதைவிடச் சற்று வேறான சூழலில் உட்காருகிறது. ரைனர் கிர்ஷ்ஹைம் பல்லேடியம்–சிலிக்கன் கண்ணாடியில் 1982-இல் காட்டியதும் இதே வகை உண்மைதான்: அங்கே இடைவெளிகளின் ஆற்றல் ஒரே மதிப்பில் நிற்காமல் மணிவடிவப் பரவலாக விரிகிறது. படிகப் பல்லேடியம் ஹைட்ரஜனை விழுங்கும்போது திடீரென்று வேறொரு கட்டத்துக்குத் தாவி, கனஅளவில் 10 சதவீதம் போல வீங்கி, கோணிப்போகும். கண்ணாடியில் அந்தத் தாவல் கிடையாது.

ஆகவே முதல் 100 ஹைட்ரஜன் அணுக்கள் செய்வதை அடுத்த 10,000 அணுக்கள் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை. இந்த ஓர் உண்மையே பொதுத் தீர்ப்பின் அடித்தளத்தை உடைத்துவிடுகிறது.

அப்படியானால் சோதனைக்கூடத்தில் கண்ணாடி நொறுங்கிய காட்சிகள் பொய்யா? பொய்யல்ல. அந்தச் சோதனைகள் நடந்த விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஹைட்ரஜனை உலோகத்துக்குள் செலுத்த மலிவான, எளிதான வழி மின்பகுப்பு. கண்ணாடித் துண்டை எதிர்மின்வாயாக மாற்றி அமிலக் கரைசலில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் மின்னோட்டம் பாய்ச்சுகிறார்கள். கரைசலில் ஆர்சனிக் சேர்மம் போன்ற ஒன்றைக் கலந்தால், ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றுசேர்ந்து குமிழியாகப் பறந்துபோகாமல் உலோகத்துக்குள் புகும். மெல்லிய நாடா என்றால் சீக்கிரம் முழுக்க நிரம்பிவிடும். மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு என்றால் கதை வேறு. பல மணி நேரம் கழித்தும் ஹைட்ரஜன் பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே குவிந்திருக்கும், நடுப்பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றும் இராது. மழையில் ஒரு பக்கம் மட்டும் நனைந்த மரப்பலகை என்ன ஆகுமோ, அந்தத் துண்டுக்கும் அதுவே ஆகிறது.

அதன் அளவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1993-இல் அட்டகன் பெக்கரும் வில்லியம் எல். ஜான்சனும் உருவாக்கிய வைட்ரலாய்-1 என்ற சிர்கோனியம்–டைட்டானியம்–செம்பு–நிக்கல்–பெரிலியம் கண்ணாடியில் ஓர் உலோக அணுவுக்குச் சராசரியாக 16 கன ஆங்ஸ்ட்ராம் இடம் இருக்கிறது. உலோகத்துக்குள் நுழையும் ஒரு ஹைட்ரஜன் அணு சற்றேறக்குறைய 2.9 கன ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு அதை வீங்கச் செய்யும். 10 உலோக அணுக்களுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்று மேற்பரப்பு நிரம்பினால் கனஅளவு 1.8 சதவீதமும் நீளம் 0.6 சதவீதமும் கூட வேண்டும். கீழே உள்ள நிரம்பாத பகுதி அதற்கு விடாது. வைட்ரலாயின் மீள்தன்மைக் கெழு ஏறக்குறைய 95 கிகாபாஸ்கல். அந்தத் தடுப்பினால் மேற்பரப்பில் எழும் அழுத்தத் தகைவு 0.9 கிகாபாஸ்கல் அளவுக்கு வரும். இந்தக் கண்ணாடியின் வலுவே 1.9 கிகாபாஸ்கல்தான். அதாவது சோதனை எந்திரத்தில் வைப்பதற்கு முன்பே, துண்டு தன் வலுவில் ஏறக்குறைய பாதியைத் தனக்குத்தானே எதிர்த்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பு நெரிபட, அதைச் சமன்செய்ய உட்பகுதி இழுபடுகிறது. ஹைட்ரஜன் அளவை இரண்டரை மடங்காக்கினால் கணக்கு வலுவையே தாண்டிவிடுகிறது. எந்திரம் தொடாமலேயே துண்டு விரிசல் விடும். மின்னோட்டத்தை நிறுத்தியபின் மேற்பரப்பிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறத் தொடங்கினாலோ திசை தலைகீழாகும். மேல்தோல் சுருங்கப் பார்க்கும், கீழே உள்ளது விடாது, இழுவிசையில் தோல் கிழியும்.

இப்படிப்பட்ட ஒரு துண்டை வளைத்து அது ஒடிவதைக் கண்டுவிட்டு, ஹைட்ரஜன் உலோகக் கண்ணாடியின் அணுப்பிணைப்பை நலிவுபடுத்துகிறது என்று எழுதுவதில் நேர்மைக் குறைவு இல்லை, ஆனால் தர்க்கக் குறைவு இருக்கிறது. அங்கே அளந்தது ஒரு தகைவுச் சரிவை. அதை ஒரு பொருளின் இயல்பு என்று பதிவு செய்துவிட்டார்கள். எடைக் கணக்கிலும் பாருங்கள்: 10 அணுவுக்கு ஒன்று என்பது 100 கிராமில் 0.17 கிராம். எஃகை ஒடிக்கும் அளவைப் போல இது ஆயிரம் மடங்கு. ஆயிரம் மடங்கு கூடுதலாகத் திணித்துவிட்டு, இதுவும் அதே நோய் என்பதா?

எல்லா ஆய்வுகளும் இப்படிக் கவனக்குறைவாக நடக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சுவும் ரைன்ஹோல்ட் டாஸ்கர்ட்டும் 2000-இலும் 2002-இலும் இதே வகைச் சிர்கோனியக் கண்ணாடியை எடுத்து, பாசிட்ரான் அழிவு போன்ற நுட்பங்களையும் கொண்டு, ஹைட்ரஜன் நுழைந்தபின் உள்ளமைப்பும் அணுக்களின் மெதுவான தளர்வும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் நொறுங்குதன்மையைக் கண்டார்கள். நஞ்சுவாதிகள் அடிக்கடி துணைக்கு அழைப்பதும் இந்த ஆய்வைத்தான். ஆனால் அவர்களுடைய விளக்கம் எஃகின் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. கண்ணாடிக்கே உரிய காலி இடங்களையும், அணுக்கூட்டங்கள் இடம் மாறுவதில் வரும் தடையையும் பற்றியது அது. உலோகக் கண்ணாடி குழையும்போது அணுக்கள் சில பத்துகளாகக் கூட்டம் சேர்ந்து நகர்கின்றன. அந்த நகர்வுகள் ஒரு தளத்தில் குவியும்போது, 10 முதல் 20 நானோமீட்டர் தடிமனே உள்ள சறுக்குப்பட்டைகள் பிறக்கின்றன. காலி இடத்தை ஹைட்ரஜன் அடைத்துக்கொண்டால் நகர்வு கடினமாகும். சுற்றுப்புறத்தை விரித்துத் தளர்த்தினால் நகர்வு எளிதாகும். ஒரே அணு இரண்டையும் செய்யவல்லது.

செய்தும் காட்டியிருக்கிறது. 2014-இல் சியோலின் ஹன்யாங் பல்கலைக்கழகத்து ஜே-இல் ஜாங்கும் அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த உபத்ரஷ்ட ராமமூர்த்தியும் சேர்ந்த குழு, நிக்கல்–நையோபியம்–சிர்கோனியம் கண்ணாடிகளில் சிர்கோனியத்தின் அளவை மட்டும் மாற்றிக்கொண்டே போய், ஹைட்ரஜன் ஏற்றி, நானோ ஊசியால் அழுத்திப் பார்த்தது. சிர்கோனிய அளவைப் பொறுத்து ஹைட்ரஜன் ஓரிடத்தில் கண்ணாடியைக் கடினமாக்கியது, வேறிடத்தில் மென்மையாக்கியது. கலவையில் ஒரு தனிமத்தின் பங்கை நகர்த்தியதும் விளைவின் திசையே புரண்டுவிட்டது என்றால், உலோகக் கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறது?

ஹைட்ரஜன் நுழையும் வாசலையே மாற்றினால் படம் இன்னும் விரிகிறது. சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தில் சூ யான்சிங்கின் குழு, திண்மத் துண்டுக்குள் ஹைட்ரஜனைத் திணிக்கவில்லை. சிர்கோனியம் 55, செம்பு 30, நிக்கல் 5, அலுமினியம் 10 என்ற விகிதக் கலவையை, ஆர்கானோடு ஹைட்ரஜன் கலந்த சூழலில் மின்வில் உலையில் உருக்கினார்கள். உருகிய நிலையில் ஹைட்ரஜன் சீராகக் கலந்தது. மேற்பரப்பு–உட்பகுதி வேற்றுமை இல்லை, தகைவுச் சரிவும் இல்லை. வார்த்தெடுத்த தண்டுகளை அமுக்கியபோது, ஹைட்ரஜன் இல்லாத தண்டுகளைவிட அவை கூடுதலாகக் குழைந்தன. கண்ணாடியாக உறையும் திறனும் கூடியது. 2012-இல் வந்த அந்த முடிவுகளை அடுத்து, சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் யோர்க் லோஃப்ளரின் குழுவும் ஹைட்ரஜன் நுண்கலப்பு எந்த அளவுக்குப் பயன்தரும் என்று 2015-இல் தனி ஆய்வே வெளியிட்டது.

சிர்கோனியக் கண்ணாடியின் பழைய பகைவன் ஆக்சிஜன் என்பதை இங்கே மறக்கக் கூடாது. உருகிய கலவையில் ஆக்சிஜன் 10 லட்சத்தில் சில ஆயிரம் பங்காக ஏறினால், கண்ணாடியாக உறைய வேண்டிய குளிர்விப்பு வேகம் பல மடங்கு கூடிவிடும் என்று 1990-களில் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்திலேயே அளந்திருக்கிறார்கள். உருக்கும்போது இருக்கும் ஹைட்ரஜன் இந்த ஆக்சிஜனின் தொல்லையைக் குறைக்கிறது என்பது ஹார்பின் முடிவுகளுக்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று.

ஹைட்ரஜனை மருந்தாக்கிப் புகழ்பவர்களும் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் தண்டை அமுக்கிக் கிடைக்கும் குழைவு எண், தண்டின் நீள–அகல விகிதத்துக்கும் எந்திரத்தின் விறைப்புக்கும் ஏற்ப மிகவும் மாறுவது. அமுக்கத்தில் குழைந்த கண்ணாடி இழுவையில் குழையும் என்று சொல்ல முடியாது. விரிசல் உள்ள துண்டின் தாங்குதிறனை அளக்காமல், ஹைட்ரஜன் கண்ணாடியை உறுதியாக்குகிறது என்று விளம்பரம் செய்வது, நஞ்சுவாதிகளின் அவசரத்தையே வேறு உடையில் செய்வதாகும்.

நஞ்சுவாதத்துக்கு ஆதரவாகக் கடைசியில் வருவது நடைமுறை வாதம். பொறியாளர் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே, தவறினாலும் பாதுகாப்பின் பக்கம் தவறட்டுமே என்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தவறான நோய்க்கணிப்பு தவறான சிகிச்சையைக் கொண்டுவருகிறது. முலாம் பூசிய எஃகுக்கு ஒரு வழக்கமான மருந்து உண்டு: பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவது. இதைச் சிர்கோனியக் கண்ணாடிக்குச் செய்தால் இரண்டு கேடுகள். சிர்கோனியம் ஹைட்ரஜனை விடாப்பிடியாகப் பிடித்திருப்பதால் அந்த வெப்பத்தில் அது எளிதில் வெளியேறாது. இன்னொன்று, வெப்பத்தில் கண்ணாடியின் அணு அமைப்பே இறுகத் தொடங்கும், காலி இடங்கள் குறையும். ஹைட்ரஜன் துளியும் இல்லாமலேயே அப்படி இறுகிய கண்ணாடி நாடாக்கள் ஒடியும் என்பது மின்மாற்றிகளுக்கு இரும்புக் கண்ணாடி நாடா செய்பவர்கள் அன்றாடம் சந்திப்பது. காந்தப் பண்புக்காகச் சூடாக்கிப் பதப்படுத்திய நாடா, முன்பு போல வளைத்து மடிக்க வராது. ஹைட்ரஜன் ஏற்றி, சூடாக்கி, பிறகு ஒடித்துப் பார்த்துவிட்டு மொத்தப் பழியையும் ஹைட்ரஜன் மேல் போட்டால், அதில் எவ்வளவு சூட்டின் பங்கு? ஹைட்ரஜன் ஏற்றாமல் அதே சூட்டுக்கு உட்படுத்திய இன்னொரு துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத எந்த அளவீட்டையும் இந்த வழக்கில் சான்றாக ஏற்கக் கூடாது.

உலோகவியலின் பிற கிளைகள் இந்தப் பக்குவத்தை எப்போதோ அடைந்துவிட்டன. டைட்டானியக் கலவைகளைச் சூட்டில் வடிவமைக்க எளிதாக்கும் பொருட்டு ஹைட்ரஜனைத் தற்காலிகமாகக் கலந்து, வேலை முடிந்ததும் வெற்றிடத்தில் உறிஞ்சி எடுக்கும் முறை 1959-லேயே முன்வைக்கப்பட்டது. நியோடிமியம் காந்தங்களைச் செய்பவர்கள் பர்மிங்ஹாமில் ரெக்ஸ் ஹாரிஸ் வகுத்த வழியில், ஹைட்ரஜனை ஊட்டி உலோகக் கட்டியை வேண்டுமென்றே பொடியாக்குகிறார்கள். அங்கே நொறுங்குவதே பயன்.

உலோகக் கண்ணாடியிலும் இப்படி யோசித்த இடங்களில் வேலை நகர்ந்திருக்கிறது. பிற வாயுக்களிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் பிரித்தெடுக்க விலையுயர்ந்த பல்லேடியம்–வெள்ளி மென்படலங்களே நெடுங்காலம் பயன்பட்டன. ஜப்பானின் செண்டாயில், தொஹோகு பல்கலைக்கழகத்தில் யமவுராவும் அகிஹிசா இனோவேயும் 2000-களின் தொடக்கத்தில் நிக்கல்–நையோபியம்–சிர்கோனியக் கண்ணாடி நாடாக்களை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஹைட்ரஜன் உலோகக் கண்ணாடிக்கு நஞ்சு என்று நம்பியிருந்தால், ஹைட்ரஜனை ஊடுருவவிடுவதே வேலையாக உள்ள ஒரு படலத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கவே தோன்றியிருக்காது. ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸில் அந்த நாடாக்கள் உடையாமல், பல்லேடியக் கலவைக்கு நிகராக ஹைட்ரஜனைக் கடத்தின.

அதே நாடா ஹைட்ரஜன் சூழ்ந்திருக்கவே ஆறினால் உடையக்கூடும். வெப்பம் குறையக் குறைய அது கூடுதலாக ஹைட்ரஜனை விழுங்கி வீங்குகிறது. சட்டத்தில் இறுக்கிக் கட்டியிருப்பதால் வீங்க இடமில்லை. பல்லேடியப் படலங்களுக்கு ஏற்கெனவே உள்ள வழக்கத்தையே இங்கும் கைக்கொள்ளலாம்: உலையை அணைக்கும் முன், படலம் இன்னும் சூடாக இருக்கும்போதே, ஆர்கான் போன்ற மந்த வாயுவைச் செலுத்தி ஹைட்ரஜனை முழுதும் வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே ஆறவிடுவது.